ஆயிரத்துக்குப் பத்தொன்பது

கைப்பிடியை மூன்றாவது முறை சுற்றியபோதும் கணக்கு இயந்திரத்தின் சின்னச் சன்னல்களில் அதே எண்கள்தான் வந்து நின்றன. நான்கை இருநூற்றுப் பதினொன்றால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் பதினெட்டு புள்ளி ஒன்பது ஆறு. அறிக்கையில் இவ்வளவு நுணுக்கம் போடுவதில்லை, பத்தொன்பது என்றே எழுதுவோம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நகர மன்றத்தின் கொடி அரைக்கம்பத்தில் நனைந்து தொங்கியது. போன புதன்கிழமைதான் மன்னர் இறந்திருந்தார். ஊரே கறுப்புப் பட்டியோடு திரிந்த அந்த வாரத்தில் நான் மட்டும் எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்காது. ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

ஹாலோபெக் நகர வட்டாரத்தின் சுகாதார அலுவலகத்தில் அப்போது எனக்கு இருபத்திரண்டாவது வருடம். சேர்ந்த நாளிலிருந்து என் வேலை எண்ணுவதுதான். வாரா வாரம் பதிவாளரிடமிருந்து வரும் பிறப்பு இறப்புத் தாள்களைப் பார்த்து, ஒரு நீண்ட பேரேட்டில் ஆளுக்கொரு கோடு போடுவேன். நான்கு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே விழும். ஜனவரியில் இறப்புப் பக்கம் வேலி போட்ட மாதிரி நிறைந்துவிடும். ஆலைப் புகை பள்ளத்தாக்கிலேயே தேங்கி நிற்க, மார்ச்சளி கிழவர்களை வாரிக்கொண்டு போகும் மாதம் அது. பிறப்புப் பக்கம் நிறைவது ஜூன் மாதத்தில். ஆலைகள் மூடும் விடுமுறை வாரத்திலிருந்து எண்ணிப் பாருங்கள், தெரியும். வருடம் முடிந்ததும் எல்லாக் கோடுகளையும் கூட்டி, ஊரின் ஜனத்தொகையால் வகுத்து, சுகாதார அதிகாரியின் ஆண்டறிக்கைக்கு விகிதங்கள் தயார் செய்வேன். 1951இல் பதினாலாயிரத்து முன்னூறு பேர் இருந்த எங்கள் ஊரில் பிறந்தவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர், இறந்தவர்கள் நூற்றுத் தொண்ணூற்றெட்டு பேர். இதெல்லாம் எப்போதும் இருப்பதுதான். ஆனால் ஒரு வயது நிறைவதற்குள் இறந்த குழந்தைகள் நான்கே நான்கு. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் இந்த விகிதம் ஆயிரத்துக்கு எண்பத்து நான்காக இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு சுகாதார அதிகாரி டாக்டர் லம்மின் அறைக்குப் போனேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு தானே ஒரு தாளை எடுத்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நாக்கை ஓரத்தில் துருத்திக்கொண்டு வகுத்துப் பார்த்தார். எழுந்து சன்னலருகே போய் எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.

"டானர்ஸ் ரோ ஞாபகம் இருக்கா மிஸ் ஃபிர்த்? முப்பத்தொண்ணு கோடை?"

இருந்தது. அந்த ஒரே தெருவில் ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் ஏழு குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தன. அவர் வீடு வீடாகப் போய்ப் பால் ஜாடிகளை மோந்து பார்த்தார். ஈ மொய்க்கும் கழிவறைகளை இடிக்கச் சொல்லி மன்றத்தில் சண்டை போட்டார். இரண்டு வருடம் யாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை. இருபது வருடம் கழித்து அந்தச் சண்டையெல்லாம் ஒரு எண்ணாக வந்து அவர் மேசையில் கிடந்தது. அன்று மாலையே அறிக்கையின் முதல் பக்கத்துக்கு அவர் ஒரு வாக்கியம் எழுதித் தந்தார்: "இவ்வட்டாரத்தின் பதிவுகளில் முதன்முறையாகச் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு இருபதுக்குக் கீழே இறங்கியுள்ளது." வழக்கமாக அவர் அடித்து அடித்துத் திருத்துவார். அன்று ஒரு அடித்தல்கூட இல்லை.

புதன்கிழமை மதியம் மேவிஸ் சக்டன் வந்தாள். ஆலையில் சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருக்க வேண்டும். தலையில் கட்டியிருந்த துணியிலும் புருவத்திலும் கம்பளிப் பஞ்சு ஒட்டியிருந்தது. இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். தடுப்புப் பலகையின் அந்தப் பக்கம் நின்று, தறிச் சத்தத்திலேயே வேலை செய்கிறவர்கள் பேசுகிற மாதிரி உதட்டை நன்றாக அசைத்து, தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டாள்.

"என் புள்ளைய எங்க எழுதியிருக்கீங்கன்னு பாக்கணும்."

"பதிவாளர் எதிர் அறைல இருக்காரும்மா. இங்க எண்ணிக்கை மட்டும்தான்."

"அவர்கிட்ட போயிட்டுதான் வர்றேன். நர்ஸம்மா குடுத்த தாள்ல செத்துப் பொறந்துச்சுன்னு இருக்காம். அதனால அது பிறப்பும் இல்லையாம், இறப்பும் இல்லையாம். வேற ஏதோ ஒரு நோட்டாம். அதுல பேரு எழுத இடமே கிடையாதாம்." மூச்சு வாங்கினாள். "அவன் அழுதான் மிஸ். நான் கேட்டேன். எண்ணெ இல்லாத கீல் மாதிரி. ஒரு தடவ. அப்புறம் இன்னொரு தடவ."

அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு, ஐந்து. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மனது வகுக்க ஆரம்பித்துவிட்டது. விடை இருபத்து மூன்றுக்கு மேலே போயிற்று. எனக்கு அவள் மேல் எரிச்சல் வந்தது. முப்பத்தொன்பது வயதான, ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிற ஒருத்திக்கு, கைக்குட்டைகூட இல்லாமல் நிற்கும் ஒரு பெண் மேல் எரிச்சல் வந்தது.

"எப்போ பொறந்துது?"

"நவம்பர் இருபத்தெட்டு. ஏழு மாசம் முடிஞ்சு ஒரு வாரம்."

பேரேட்டைத் திறந்து செத்துப் பிறந்தவற்றின் பத்தியைப் பார்த்தேன். வருடம் முழுவதற்கும் ஆறு. நவம்பருக்கு ஒன்று. "இருக்கு. எண்ணியாச்சு" என்றேன், அது ஏதோ ஆறுதல் மாதிரி.

"காட்டறீங்களா?"

வெளியாட்களுக்குக் காட்டக் கூடாது. ஆனாலும் திருப்பிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். நவம்பர் என்று எழுதிய கட்டத்தில் பென்சிலால் போட்ட ஒற்றைக் கோடு.

"இதுவா?"

"ஆமா."

"இவ்வளவுதானா?" கோபமாகக் கேட்கவில்லை. கடையில் எடை குறைந்திருந்தால் கேட்கிற மாதிரி கேட்டாள். பிறகு ஆலைச் சங்கு ஊதியது. "நெவில்னு வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

அன்றைக்கும் மறுநாளும் நான் டாக்டரிடம் எதுவும் சொல்லவில்லை. அறிக்கையை அச்சுப் படிவத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கழிவுநீர், இறைச்சிக் கடைச் சோதனை, எலி ஒழிப்பு எல்லாம் அடித்தேன், முதல் பக்கத்தை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். பிரசவ வலியில் இருக்கிறவள் காதில் எதுவும் விழலாம், பக்கத்து வீட்டுக் கதவாகக்கூட இருக்கலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் யாரோ வாசல் கதவைத் திறந்தார்கள். அதன் கீல் முனகியது. அதற்கு மேல் முடியவில்லை.

சனிக்கிழமை மதியம், மேவிஸுக்குப் பிரசவம் பார்த்த பெஸ்விக் நர்ஸம்மாவின் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். இன்னும் ஒன்றரை வருடத்தில் ஓய்வு. சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் பிடித்து, சைக்கிள் டியூபை அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

"வா எட்னா. அந்தப் பம்பை எடு. இந்த மேட்டுத் தெருக்காரங்க எல்லாம் புள்ள பெக்கறத நிறுத்தினாதான் என் டயர் பொழைக்கும்."

பம்பை எடுத்துக் கொடுத்தேன். மேவிஸ் சக்டன் அலுவலகத்துக்கு வந்தாள் என்றேன். அவர் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. டியூபிலிருந்து சின்னச் சின்னக் குமிழியாக வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவளுக்குக் கேட்டுதா?"

"கேட்டுதாம்."

"கேக்கலன்னு நெனச்சேன். அவ மயக்கத்துக்குப் போய்ப் போய் வந்துட்டிருந்தா." கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு ரெண்டு கைதான் எட்னா. ரத்தம் மெத்தையத் தாண்டித் தரைக்கு வந்துருச்சு. அவ புருஷன ஃபோன் பண்ண ஓட விட்டேன். ஆஸ்பத்திரி டாக்டர் வர முக்கால் மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் நான் அவ வயித்துலேர்ந்து கைய எடுத்திருந்தா அவ போயிருப்பா. புள்ளைய துண்டுல சுத்திப் பக்கத்து நாற்காலில வெச்சேன். அது மூச்சு விட்டுது. கை இங்க, காது அங்க. ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

"வேற யாராவது கூட இருந்திருந்தா பொழைச்சிருக்குமா?"

"தெரியாது. ரெண்டரை பவுண்டுதான் இருந்துது. பொழைச்சிருக்காது. ஆனா சூடா வெச்சிருக்கலாம். யாராவது கையிலயாவது வெச்சிருந்திருக்கலாம்."

"அப்புறம் ஏன் அப்படி எழுதினீங்க?"

"உயிரோட பொறந்துதுன்னு எழுதினா விசாரணைனு ஒருத்தன் வருவான். கட்டில் பக்கத்துல நின்னு, அந்தப் பத்து நிமிஷமும் நர்ஸ் என்ன செஞ்சாங்கன்னு கேப்பான். என்னைக் காப்பாத்திட்டிருந்தாங்கன்னு அவ சொல்லணும். அத அவ ஆயுசு பூரா சுமக்கணுமா? செத்தே பொறந்துச்சுன்னா அழுதுட்டு எழுந்துருவா. இது நானா கண்டுபிடிச்சது இல்ல, எனக்கு முன்னாடி இருந்தவங்களும் இப்படித்தான் செஞ்சாங்க." மூக்கை உறிஞ்சினார். "இதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்டது. பயமும் இருந்துது. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"அவ ஒண்ணும் கேக்கல. பேரு எழுதணுமாம். அவ்வளவுதான்."

"பேரு வெச்சிருக்காளா?"

"நெவில்."

"நெவில்" என்றார் அவரும். எழுந்து போய் மறுபடியும் தண்ணீருக்குள் கையை விட்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நான் கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறக்கும்போது வாசலில் நின்றிருந்தார். சீருடையில், தொப்பியெல்லாம் சரியாக வைத்துக்கொண்டு. என்னைப் பார்க்காமல் நேரே டாக்டரின் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒருமுறைகூடக் குரல் உயரவில்லை. அரை மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்து, கையுறையைப் போட்டுக்கொண்டு, "டயர் சரியாயிடுச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

டாக்டர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பதினொரு மணிக்கு நான் டீ கொண்டுபோனேன். மேசை மேல் அவர் எழுதிய முதல் பக்கம் இருந்தது. அந்த வாக்கியத்தை அவர் ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தார்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"புதன்கிழமையிலேர்ந்து."

"இன்னைக்கு வரைக்கும் சொல்லலியே."

"சொல்லல டாக்டர்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க நர்ஸம்மா வீட்டுக்குப் போகாம இருந்திருந்தா, என் காதுக்கு இது வந்தே இருக்காது. இல்லையா?" என்றார். "அந்தப் பத்தொன்பத நெனச்சுக்கிட்டே சனிக்கிழமை ராத்திரி நல்லாத் தூங்கினேன் மிஸ் ஃபிர்த். ரொம்ப வருஷத்துக்கப்புறம். சரி, மாத்துங்க."

மாற்றினேன். பிறப்பில் ஒரு கோடு கூடியது, இறப்பில் ஒரு கோடு கூடியது, செத்துப் பிறந்தவற்றில் நவம்பர்க் கோட்டை ரப்பரால் அழித்தேன். பேரேட்டில் நான் எதையும் அழித்தது அதுதான் முதல் தடவை. தாளில் லேசாகத் தழும்பு விழுந்தது. சிசு மரண விகிதம் இருபத்து மூன்று புள்ளி ஆறு. முந்தைய வருடம் இருபத்திரண்டு புள்ளி நான்கு. ஆக, இறங்கவில்லை, ஏறியிருந்தது. ஊரின் பிறப்பு விகிதமும் இறப்பு விகிதமும் கூட ஒரு இழை அசைந்தன. அதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்.

மன்றக் கூட்டத்தில் ஒருவர் பார்த்தார். கம்பளி வியாபாரி ஆம்பிளர் அறிக்கையைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துப் படித்துவிட்டு எழுந்தார். "போன வருஷத்த விட ஏறியிருக்கே டாக்டர்? தாய்மாருங்களுக்கு ஆரஞ்சுச் சாறும் மீனெண்ணெயும் சும்மா குடுத்துக் குடுத்து நம்ம ஜனங்கள நாமளே சோம்பேறியாக்கறோம். பலன் இதுதானா?" யாரோ சிரித்தார்கள். டாக்டர் எழுந்தார். இருபது வருடத்துக் கதையையும் சொல்லப் போகிறார் என்று நான் குறிப்பேட்டோடு காத்திருந்தேன். "அஞ்சு குழந்தைங்க ஐயா" என்றார். அதோடு உட்கார்ந்துவிட்டார். அடுத்தது தெருவிளக்கு என்று தலைவர் சொன்னார்.

பதிவைத் திருத்த லண்டனிலிருந்து அனுமதி வர ஏழு வாரம் ஆயிற்று. நர்ஸம்மா கையெழுத்துப் போட்ட வாக்குமூலம், டாக்டரின் கடிதம், இன்னும் இரண்டு படிவம். இதற்கிடையில் மருத்துவச்சிகள் வாரியத்திலிருந்து நர்ஸம்மாவைக் கண்டித்து ஒரு கடிதம் வந்தது. பட்டியலிலிருந்து பெயரை நீக்கவில்லை. ஆனால் ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவராகவே தன் கறுப்புப் பையைக் கொண்டுவந்து எங்கள் அலுவலகத்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். உள்ளே கத்தரிக்கோல்கள் எல்லாம் கொதிக்க வைத்துத் துடைத்துத் துணியில் சுற்றியிருந்தன.

ஏப்ரல் கடைசியில் மேவிஸும் அவள் புருஷன் ஆர்னல்டும் பதிவாளரிடம் வந்தார்கள். நானும் கூட இருக்க வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். ஆர்னல்ட் சாயப்பட்டறைக்காரன். நகக்கண் வரைக்கும் நீலம் ஏறிய கைகளைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதிவாளர் நர்ஸம்மாவின் வாக்குமூலத்தை வாசித்தாக வேண்டும், அது சட்டம். அவர் ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தார். நாற்காலி, துண்டு, பத்து நிமிடம்.

மேவிஸ் முழுவதும் கேட்டாள். பிறகு மெதுவாக, தறிச் சத்தமெல்லாம் போன குரலில், "அப்ப என்னாலதான்" என்றாள்.

"இல்ல" என்றான் ஆர்னல்ட். "நான் ஃபோன் பண்ணிட்டு வந்தேன். நர்ஸம்மா புள்ளைய ஒரு பார்வ பாத்தாங்க, உன்ன ஒரு பார்வ பாத்தாங்க. நான்தான் சொன்னேன். அவள விட்டுராதீங்க, அவள மட்டும் விட்டுராதீங்கன்னு. நான் அந்த நாற்காலி பக்கம் திரும்பல மேவிஸ். திரும்பினா தூக்கணும்னு தோணும், தூக்கினா..." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தான். "கையெல்லாம் சாயமா இருந்துது."

பதிவாளர் பேனாவை மையில் தோய்த்துவிட்டு எழுதாமல் காத்திருந்தார். மேவிஸ் அவன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவள் கை போய் அவன் சட்டையின் கைப்பட்டையைப் பிடித்துக்கொண்டது, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி. "எழுதுங்க ஐயா" என்றாள். நெவில் சக்டன், ஆண். ஒரு புத்தகத்தில் பிறந்தான், அடுத்த புத்தகத்தில் இறந்தான். வயது என்ற இடத்தில் பத்து நிமிடம் என்று பதிவாளர் எழுதினார்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் என்னிடம் கேட்டாள். "எங்க இருக்கான் மிஸ்?"

நான் ஆர்னல்டைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். குழந்தை பிறந்த அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பூட்ஸ் பெட்டியில் வைத்து, மேல்கோட்டுக்குள் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி, பெட்டியைக் கீழே வையேன் தம்பி, கால் நீட்ட இடமிருக்கு என்றாளாம். சவப்பெட்டி செய்யும் ஓல்ராய்ட் அதை வாங்கிக்கொண்டு, 'கவலப்படாத, நல்ல மனுஷர் ஒருத்தரோட அனுப்பறேன்' என்று சொன்னாராம். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். செத்துப் பிறந்தவற்றைத் தனியாகப் புதைப்பதில்லை, யாராவது பெரியவர் போகும்போது அவர் பெட்டிக்குள் கூட வைத்து அனுப்பிவிடுவார்கள். யாரோடு என்று ஆர்னல்ட் கேட்கவில்லை. ஓல்ராய்டும் போன ஜனவரியில் மார்ச்சளியில் போய்விட்டார். அவருக்கும் நான்தான் கோடு போட்டேன்.

யாரோடு என்று நான் அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நவம்பர் கடைசி வாரத்துத் தாளை எடுத்துப் பார்ப்பதற்கு எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வாரம் இறந்தவர்கள் மூன்று பேர். ஒருவரை வெளியூருக்குக் கொண்டுபோனார்கள், ஒருத்தி கத்தோலிக்கக் கல்லறைக்குப் போனாள், அவளுக்கு வேறு பெட்டிக்காரர். மிச்சம் ஒருவர்தான். ஈனாக் திவ்லிஸ், எழுபத்தொன்பது வயது, ரயில்வே சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பதாம் தேதி மேட்டுக் கல்லறையில் அடக்கம். ஒரு துண்டுத் தாளில் வரிசை எண்ணை எழுதி மேவிஸிடம் கொடுத்தேன்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆர்னல்ட் வர மாட்டேன் என்றுவிட்டானாம். தனியாகப் போகக் கால் வரவில்லை என்றாள். வழியில், நர்ஸம்மாவின் வீட்டு வாசலில் இரண்டு முறை போய் நின்றதாகவும், உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தும் கதவு திறக்கவில்லை என்றும் சொன்னாள். "என் உசுர காப்பாத்தினவங்க. அவங்க வேலைய நான் புடுங்கிட்டேன். பேரு ஒண்ணு கேட்டேன், அதுக்கு இவ்வளவா?" மேடு ஏறுவதால் மூச்சு வாங்குகிற மாதிரி நடந்துவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் காற்று அதிகம். கீழே ஊரின் புகைபோக்கிகள் ஞாயிறு என்பதால் புகையில்லாமல் நின்றன. வரிசையைத் தேடிக் கண்டுபிடித்தபோது அந்தக் கல்லறையில் ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தது. தொப்பியில் ஊசி குத்திய குட்டையான கிழவி, செய்தித்தாளை மடித்து முழங்காலுக்கடியில் போட்டுக்கொண்டு, வாளித் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துக் கல்விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புகைக்கரி கறுப்பாக ஓடியது. திருமதி திவ்லிஸ். நான் மேவிஸின் கையைப் பிடித்து இழுத்தேன், இன்னொரு நாள் வரலாம் என்று. அவள் கையை விடுவித்துக்கொண்டு நேரே போய் நின்றாள்.

"என் புள்ள இதுல இருக்கான்" என்றாள்.

கிழவி நிமிர்ந்து பார்த்தார். "தப்பா வந்துட்ட கண்ணு. இது எங்க வீட்டுக்காரரு."

"தெரியும்மா. அவரோட பெட்டிலதான். ஓல்ராய்ட் வெச்சாரு. பத்து நிமிஷந்தான் இருந்தான். எங்களுக்கும் தெரியாது, இப்பதான் தெரிஞ்சுது." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

திருமதி திவ்லிஸின் கையிலிருந்த பிரஷ்ஷிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து வந்தது. "என் வீட்டுக்காரரு பெட்டில. என்னை ஒரு வார்த்த கேக்கல. ஒரு வார்த்த!" கல்லின் பக்கம் திரும்பி இரண்டு தேய் தேய்த்தார். மறுபடி நிறுத்தினார். "ஆணா பொண்ணா?"

"ஆணு. நெவில்."

கிழவி பிரஷ்ஷை வாளியில் போட்டார். கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டே கல்லறையின் புல்லைப் பார்த்தார், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும், எங்கே இருக்கும் என்று அளப்பது போல.

"நாலு பெத்தோம்" என்றார். "ஒண்ணயாவது அந்த மனுஷன் தூக்கினதில்ல. கழுத்து நிக்கட்டும், கழுத்து நிக்கட்டும்னுவாரு. அவ்வளவு பெரிய சிக்னல் லீவர இழுத்து ரயில நிறுத்தற கை. நாலு பவுண்டு புள்ளைய நீட்டினா அந்தக் கையப் பின்னாடி கட்டிக்குவாரு." மேவிஸ் பக்கம் திரும்பினார். "உன்னுது எவ்வளவு இருந்துது?"

"ரெண்டரை."

"ரெண்டரை" என்றார் கிழவி.

மேவிஸ் நின்றபடியே அழ ஆரம்பித்தாள், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நான் பாதையிலேயே நின்றுவிட்டேன். அங்கே எனக்கு வேலையில்லை. திருமதி திவ்லிஸ் அவளைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. முழங்காலை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் இருந்த செய்தித்தாளை உருவியெடுத்தார். மடிப்போடு சரிபாதியாகக் கிழித்தார். ஒரு பாதியைத் தனக்குப் போட்டுக்கொண்டு, இன்னொரு பாதியைப் பக்கத்தில் விரித்து, காற்றில் பறந்துவிடாமல் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவள் வந்து மண்டியிடும் வரை காத்திருந்தார்.